பாயிண்ட்டுக்காரரின் ரகசியக் குரல்

கோயம்புத்தூரில் இதுவரை எழுதப்படாமல் கிடக்கும் கதைகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஆள் எழுதாமல் வைத்திருப்பவை. மிச்சத்தைத்தான் ஊரில் உள்ள மற்ற எல்லோருமாகச் சேர்ந்து எழுதாமல் இருக்கிறோம். அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது வரும். கணபதியில் நான் வேலை பார்க்கும் மோட்டார் பம்ப் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பாயிண்ட்டுக்காரர்.

காலையிலிருந்து சாயந்திரம் வரை போனில், "மோட்டார் ஓடுது, தண்ணி வரலீங்க" என்று சொல்கிற விவசாயிகளுக்குப் பதில் சொல்வது அங்கே என் உத்தியோகம். வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை நிரப்புவது உப உத்தியோகம். எனக்குப் பக்கவாட்டில், கம்பி வலை அடித்த ஸ்டோர் ரூமில், பேரிங்கும் வாஷரும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே அவர். ஒரு பேரிங் கேட்டால் எடுத்துத் தர அரை மணி நேரமாகும். கேட்டவர் எப்படி நின்றார், எந்தக் காலை முன்னால் வைத்தார் என்பதையெல்லாம் அவர் கவனித்து முடிக்க வேண்டுமே.

வியாதி எங்கே ஆரம்பித்தது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை எழுதச் சொல்லித்தரும் முகாம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். "அன்றாடம் கண்ணில் படுவதையெல்லாம் உடனுக்குடன் பிடித்து வையுங்கள், அதுதான் கதைக்கு விதை" என்று காலையில் சொல்லியிருக்கிறார்கள். பிடித்து வைத்ததை எப்படி எழுதுவது என்பது மதியத்துக்கு மேல். நம்மவர் முகாமில் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்ததும், பஸ்ஸில் கூட்டமாகிவிடும் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆகவே விதை சேர்க்கும் வித்தை அவருக்கு முழுசாகத் தெரியும். விதைப்பது என்று ஒன்று இருப்பது தெரியாது. எழுதுகிறவர் கொஞ்சம் வாசிக்கவும் வேண்டும் என்று அன்று காலையில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் எதையும் வாசிப்பதில்லை. இந்தப் பத்திரிகையையும்தான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வெறுமனே கவனித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். விஷயம் அதற்கு மேலே. எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன் ஆயுசில் பாதியைப் பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில் மேஸ்திரியாகக் கழித்தவர் அவர். விசைத்தறிகள் வரிசையாக ஓடும் குடோனுக்குள் ஒரு முறை போய்வந்தாலே காதில் அன்றைக்கெல்லாம் கொய்யென்று கேட்கும். அங்கேயே கிடந்தவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. தறிச் சத்தத்தில் யார் பேச்சும் கேட்காது என்பதால் அங்கே இருப்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அந்த வித்தையில் இவர் கெட்டிக்காரர். ஆகையால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் என்ன பேசுகிறார் என்பது இவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரியும். தெரிந்துகொண்டதை, யார் காதிலும் விழாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் கேட்கும்படி போனில் பதிவு செய்துகொள்வார்.

ஒரு கையால் போனை வாயருகே பிடிப்பார். இன்னொரு கையால் வாயை மறைப்பார். பரம ரகசியம் என்று முகம் சொல்லும். "பாயிண்ட்டு" என்று ஆரம்பிப்பார். கடைசித் தறியில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதற்குப் பழக்கப்பட்ட தொண்டை அது. வாசலில் வாட்ச்மேன் எழுந்து உட்காருவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பாயிண்ட்டு. மேனேஜரு மீசைக்குச் சாயம் பூசறாரு. வலது பக்கம் கருப்பு. இடது பக்கம் கொஞ்சம் செவப்பு அடிக்குது. கண்ணாடில பாக்கறப்ப வெளிச்சம் ஒரு பக்கமாத்தான் வருமாட்ட இருக்குது."

மேனேஜர் வெளியே வந்தார். ஸ்டோர் ரூமைப் பார்த்தார். "ஏனுங்க, அந்த ரெண்டு இஞ்ச் வால்வு ஸ்டாக் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்று பதில் வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மீசையின் இரண்டு பக்கமும் ஒரே கருப்பாக இருந்தன.

யாராவது ஒருவர் அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று வெளியூர் வாசகர்கள் கேட்பீர்கள். நீங்கள் எங்கள் பக்கம் குடியிருந்ததில்லை. இங்கே கடையில் இல்லாத சாமானை "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள், "இப்பத்தானுங்க தீந்துச்சு" என்பார்கள். காலை மிதித்தவரிடம், "உங்க காலுக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்று விசாரிப்பார்கள். இந்த ஊரில் வயசில் பெரியவர் ஒருவரைப் பார்த்து, "நீங்கள் பேசுவதெல்லாம் எங்களுக்குக் கேட்கிறது" என்று யார் சொல்வது? அவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், அவர் உதட்டைப் படித்துவிடுவாரே என்று, எல்லோரும் ஆளுக்கொரு ஃபைலை வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வோம். வெளியாள் யாராவது பார்த்தால் ஆபீஸ் மொத்தமும் கொட்டாவி விடுவதாக நினைத்துக்கொள்வார்.

மூஞ்சிக்கு நேரே பேசுகிறவள் என்று ஆபீஸில் எனக்கு ஒருத்திக்குத்தான் பெயர். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நான் போட்டு உடைத்துவிடுவேன் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். "சொல்லிப்போடாதீங்க அம்மணி. அதோட அந்த மனுசன் பாயிண்ட் எடுக்கறதை விட்டுப்போடுவாரு. அப்பறம் ஆளு ஒண்ணுமில்லாம போயிருவாரு" என்று மேனேஜரே ஃபைலுக்குப் பின்னாலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டார். மீசையில் அடிபட்டவர் அவர். எனக்கு அப்போது புரியவேயில்லை. எழுதாத ஒருவர் எழுதுவதற்கான ஏற்பாட்டை விட்டுவிட்டால் உலகத்துக்கு என்ன நஷ்டம்?

இதைவிடக் கொடுமை, மீசை சரியானதற்கு அவர் கண்டுபிடித்த காரணம். என் மேஜைக்கு வந்து சொன்னார்.

"அம்மணி, ஒரு சங்கதி கவனிச்சீங்களா? நான் மனசுல ஒரு பாயிண்ட் எடுத்தா அது மறுநாளே மாறிப்போகுதுங்க. மேனேஜரு மீசையப் பாருங்க. யாருகிட்டயும் நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க."

"அப்படீங்களா?"

"எழுத்தாளன் பார்வைக்கு என்னமோ ஒரு சக்தி இருக்குதுங்க."

எத்தனையோ விதமான எழுத்தாளர் கர்வத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரிகூட எழுதாமலே வந்த கர்வத்தை அன்றுதான் பார்த்தேன்.

பார்வையின் சக்தி போன் வழியாகவும் பாய ஆரம்பித்தது. ஒரு நாள் உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் லைனில் இருந்தார். புது மோட்டார் மூன்றாம் நாளே நின்றுவிட்ட கோபம் அவருக்கு. நான் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பி வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பாயிண்ட்டு. போன்ல எவனோ கண்ட மேனிக்குத் திட்டறான். அம்மணி சிரிச்ச மூஞ்சியோட திட்டு வாங்குது. காலு மட்டும் மேசைக்கடியில ஆடுது."

அது உடுமலை வரைக்கும் கேட்டுவிட்டது. பிறகு அந்த விவசாயி கேட்டார், "ஏனுங்க அம்மணி, நான் எங்கீங்க திட்டுனேன்? மோட்டாரைத்தானுங்க சொன்னேன்."

"ஐயோ, நீங்க ஒண்ணும் திட்டலீங்க."

"காலை எதுக்குங்க ஆட்டறீங்க? நீங்க நிதானமா ஆளை அனுப்புங்க போதும். நான் வாய்க்கால் தண்ணில சமாளிச்சுக்கறேன்."

புகார் தீர்ந்தது என்று அவரே சொல்லி வைத்துவிட்டார். அந்த மாதம் என் இருக்கையில் புகார்கள் குறைந்துவிட்டதாக மேனேஜர் பாராட்டினார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆபீஸுக்கு எதிரே ஒரு பேக்கரி. சாயந்திரம் டீயும் தேங்காய் பன்னுமாக அங்கேதான் எல்லோரும் நிற்போம். ஒரு நாள் மூலை மேஜையில் ஒரு பையனும் பெண்ணும். பையன் முகம் எங்களைப் பார்த்து இருந்தது, பெண்ணின் முதுகுதான் தெரிந்தது. அவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள். நம்மவர் போனைத் தூக்கினார்.

"பாயிண்ட்டு. பையன் சொல்றான், 'எங்கூட்ல இப்பப் பேச முடியாது, தங்கச்சி கல்யாணம் முடியட்டும்'னு. பொண்ணு என்னமோ கேக்குது. பையன் சொல்றான், 'நீ வேணா வெயிட் பண்ணு'. அந்த 'வேணா'ங்கறதை எதுக்கு நடுவுல போடறான்? அங்கதான் சங்கதி இருக்குது."

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நிறுத்தினார். பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். அந்தப் பெண் எழுந்து நேராக இவரிடம் வந்தாள். "அண்ணா, அந்த 'வேணா' எனக்கும் உறுத்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு, பையனைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். பையன் இரண்டு டீயையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நம்மவருக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. "அம்மணி, நான் மனசுக்குள்ள நெனச்சதுக்கு அந்தப் பொண்ணு வந்து பதில் சொல்லிட்டுப் போகுதுங்க" என்றார்.

இப்படிச் சேர்த்ததெல்லாம் என்ன ஆனது என்கிறீர்களா? போனில் தூங்குகிறது. பெரும்பாலானவை தூங்கத்தான் லாயக்கு. 'நாய் ஒண்ணு ரோட்டைத் தாண்டப் போயி, மனசு மாறித் திரும்பிருச்சு.' 'வடையத் தின்னுட்டு ஒருத்தரு கையத் தொடைக்கத் தூணைத் தேடறாரு.' இதை வைத்துக்கொண்டு யார் என்ன கதை எழுத முடியும்? கதை எப்போது வரும் என்று அவரைக் கேட்டால் ஒரே பதில்தான். "இன்னும் பாயிண்ட் பத்தலீங்க அம்மணி."

எரிச்சல் என்னவென்றால், எப்போதாவது ஒன்று சரியாக வந்து விழுந்துவிடும். ஒரு நாள் என்னைப் பற்றியே எடுத்தார். "பாயிண்ட்டு. அம்மணிக்குச் சாதாரணமா இருந்தா போனை டொக்குனு வெக்கும். நெசமாவே கோபம் வந்துச்சுன்னா, பூ வெக்கற மாதிரி வெக்கும்." அன்று முழுக்க நான் போனை எப்படி வைப்பது என்று தெரியாமல் திண்டாடினேன். எழுதிப் பிழைக்கிறவள் நான். என் கையை நான் பார்த்ததில்லை.

எங்கள் முதலாளியின் அண்ணன் தவறிப்போனபோது ஆபீஸிலிருந்து எல்லோரும் துக்கம் விசாரிக்கப் போனோம். போகும்போதே அவரிடம், "அண்ணா, அங்க ஒண்ணும் கவனிக்காதீங்க" என்றேன். "சாவு ஊட்ல எப்படீங்க கவனிக்காம இருக்கறது?" என்றார். அழுகை ஓய்ந்து கூடம் அமைதியாக இருந்த நேரம் பார்த்து, போனை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

"பாயிண்ட்டு. செத்தவருக்குத் தலைய யாரோ நெம்ப அழகா சீவி உட்டிருக்காங்க. உசுரோட இருக்கறப்ப அவரு தலை எப்பவும் கலைஞ்சுதான் இருக்கும்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நான் தரை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தேன். குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், இறந்தவரின் மனைவி, தலையை நிமிர்த்தினார். "நாந்தானுங்க சீவி உட்டேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "சீவிக்க வாங்கன்னா வரவே மாட்டாருங்க. இன்னைக்குத்தான் சும்மா படுத்திருந்தாரு." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அதுவரை அவர் அழவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அதற்காக நம்மவரைப் பாராட்ட வேண்டுமா? நான் மாட்டேன். குருட்டுத்தனமாக எறிந்த கல் அது.

இனி என் சொந்தக் கதை. என் அப்பா பல்லடம் ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாயிண்ட்டுக்காரர் அந்த பஸ்ஸில் போய்வந்தவர். அந்தப் பழக்கத்தில், என்னைப் பெண் பார்க்க வந்தபோது, வீட்டில் பெரிய மனுஷனாக ஒருவர் இருக்கட்டும் என்று அப்பா அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"மூலைல உக்காருவான் கண்ணு. பேச மாட்டான்."

"பேச மாட்டாருப்பா. பாயிண்ட் எடுப்பாரு."

எடுக்க மாட்டேன் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்தார். உக்கடத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சிரித்தால் நன்றாக இருந்தது. பிடித்திருந்தது என்றே சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கென்ன வெட்கம். காபி கொடுத்தாயிற்று. பலகாரம் நல்லா இருக்கிறது என்று எல்லோரும் சொல்லியாயிற்று. பையனின் தாய்மாமனும் அம்மாவும் காற்று வாங்குவதுபோல வெளியே போய், கார் பக்கத்தில் நின்று ஏதோ பேசினார்கள். ஜன்னல் வழியாக அவர்கள் முகம் தெரிந்தது. ஜன்னலுக்கு எதிரே யார் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் சட்டைப்பையைத் தொட்டார். தடுமாறினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கூடம் அதிரச் சொன்னார்.

"பாயிண்ட்டு. மாமன்காரரு சொல்றாரு, 'பொண்ணு பத்திரிகைல எழுதுதாமா. நாளைக்கு நம்ம ஊட்டுச் சங்கதியெல்லாம் எழுதிப்போடும். மூக்கும் சித்த நீளம்'னு. அந்தம்மா சொல்லுது, 'மூக்குக்கென்னங்ணா. எழுதறதை மொதல்ல நிறுத்திப்போட்டாச் சரி.' பாவம், மாப்ளைகிட்ட ஒருத்தரும் கேக்கல."

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் பையனைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எழுதட்டுமே" என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் ஜிலேபியைப் பார்த்தான். வெளியே போனவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருந்தது. ஆனால் ஒன்றுமே நடக்காததுபோல அந்த அம்மாள், "கலந்து பேசிப்போட்டுச் சொல்றோமுங்க" என்றார். அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. மாமன்காரர் பயந்தபடியே எழுதியும்விட்டேன்.

கார் போனதும் பாயிண்ட்டுக்காரர் மெல்ல வந்தார். "மன்னிக்கோணும் அம்மணி, மனசு அடங்கல, ரகசியமா ஒரே ஒரு பாயிண்ட் எடுத்துப்போட்டேன். பாத்தீங்களா, உடனே அவங்க மூஞ்சியே மாறிப்போச்சு" என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சம்சாரம் போனதுக்கப்பறம் அவனுக்கு இது ஒண்ணுதான் கண்ணு" என்று பாயிண்ட்டுக்காரர் வாசல் தாண்டிய பிறகு சொன்னார். அப்பாவிடம் இரண்டு நாள் நான் பேசவில்லை.

அந்த ஆள் வாயைத் திறக்காமல் இருந்தாலும் அந்த சம்பந்தம் கலைந்துதான் இருக்கும். அது தெரியாமலில்லை. ஆனால் மரியாதையாகக் கலைந்திருக்கும். ஜிலேபியைப் பார்த்த அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸில், சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்தேன். "ஏனுங்ணா, நீங்க ரகசியமா பேசறதா நெனச்சுட்டு இருக்கறதெல்லாம் ஊருக்கே கேக்குதுங்க. உங்க பார்வைக்குச் சக்தியுமில்ல, ஒண்ணுமில்ல. தொண்டைக்குத்தான் சக்தி. எல்லாரும் மரியாதைக்குச் சும்மா இருக்கறாங்க. போதும், நிறுத்திக்குங்க." நன்றாகவே வந்திருந்தது. ஒரு வார்த்தையையும் அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. பெங்களூரிலிருந்து அவர் மகள் வந்து காது டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பதாக மேனேஜர் சொன்னார்.

சில நாள் கழித்து வந்தார். இரண்டு காதிலும் சின்னதாகக் கருவி. பிறந்த குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "இந்த ஃபேனு இப்படிக் கத்துமுங்களா?" என்றார். மேனேஜர் முறுக்கைக் கடித்ததற்குத் திரும்பிப் பார்த்தார். என் வளையல் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அட" என்றார். பிறகு சந்தோஷமாக ஸ்டோர் ரூமுக்குள் போனார். போனை எடுத்தார். வாயைப் பொத்தினார்.

"பாயிண்ட்டு."

துள்ளி விழுந்து பின்னால் திரும்பினார். "யாருங்க கத்துனது?" என்று கேட்டார். ஆளுக்கொரு ஃபைலை எடுத்துப் புரட்டினோம். அவர் போனைப் பார்த்தார். இன்னொரு முறை, தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாக, "பாயிண்ட்டு" என்றார். வாட்ச்மேன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த முகத்தைப் பற்றி நான் கிண்டலாக எழுத முடியும். எழுதப்போவதில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாஷர்களை எண்ணி வைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு ஸ்டோர் ரூமிலிருந்து சத்தமே இல்லை. பேரிங் கேட்டால் உடனே வந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விவசாயிகள் மறுபடியும் தாராளமாகத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் எந்தக் காலை ஆட்டினால்தான் யாருக்கு என்ன? வேண்டியது கிடைத்துவிட்டது. நான் வாயைத் திறக்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் ஆபீஸ் பிணம் மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும். இத்தனை நாளும் நான் பாயிண்ட் எடுத்தது, வெளிய கேட்டுச்சுங்களா?"

நான் புகார் நோட்டைத் திறந்தேன். அவரே தொடர்ந்தார். "மேனேஜரைக் கேட்டேன். 'நீங்க பேசி நான் ஒண்ணும் கேட்டதே இல்லீங்களே'ங்கறாரு. பேக்கரி மாஸ்டரும் அதையேதான் சொல்றாரு. மொதலாளி அண்ணன் ஊட்டுக்கும் போனேனுங்க. அந்தம்மா சொல்றாங்க, 'நீங்க கும்புட்டுட்டுச் சும்மா போனீங்க'ன்னு. எல்லாரும் மரியாதைக்குச் சொல்றாங்களோன்னு இருக்குது. நீங்க மட்டுந்தான் மூஞ்சிக்கு நேரா பேசுவீங்க. கேட்டுச்சுன்னாச் சொல்லிப்போடுங்க. எத்தனை பேரு மனசை நோகடிச்சனோ. இதோட பாயிண்ட்டே வேண்டாம்னு விட்டுப்போடறேன்."

பஸ்ஸில் தயாரித்த வார்த்தைகள் ஒன்று குறையாமல் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றைச் சொல்லும் உரிமை இந்த ஊரிலேயே எனக்குத்தான் அதிகம். அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, காதால் கேட்பதற்காக நின்றார்.

"எனக்கு ஒண்ணும் கேட்டதில்லீங்ணா" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. நீங்க கையை வாய்கிட்டக் கொண்டுபோறது தெரியும். என்ன சொல்றீங்கன்னு தெரியாது."

"அன்னைக்கு, உங்களைப் பாக்க வந்தப்ப?"

"அன்னைக்கும் இல்லீங்க. அவங்க ஜாதகம் சேரலைன்னு போயிட்டாங்க."

"அப்ப மேனேஜரு மீசை?"

வேறு வழியில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெறுத்த ஒரு வாக்கியத்தை என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. "உங்க பார்வைக்கு என்னமோ ஒரு சக்தி இருக்குதுங்ணா."

மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்படித்தானுங்க நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மேனேஜர் ஃபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஃபைலைக் கீழே வைத்துவிட்டு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

இப்போது மறுபடியும் பாயிண்ட் எடுக்கிறார். தன் குரல் தனக்கே கேட்பதால் நிஜமாகவே ரகசியமாக எடுக்கிறார். அவர் போனைத் தூக்கினால் ஆபீஸில் கீபோர்டு சத்தம் நின்றுவிடுகிறது. நான் போனில் விவசாயியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். ஒரு எழுத்துக்கூட வருவதில்லை. மேனேஜர் மீசையைத் தடவியபடி வந்து, "என்னைய ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

அன்று மத்தியானம், என்னிடம் பேசிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போனதும், முதல் காரியமாக அவர் போனை எடுத்தார். கம்பி வலை வழியாக என்னையே பார்த்தபடி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஏதோ நீளமாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பற்றித்தான். அது மட்டும் நிச்சயம். என்ன சொன்னார் என்பதுதான் தெரியவில்லை. பாழாய்ப்போன மனுஷன், அந்த ஒன்றையாவது கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.